ஃபார்மட் அடித்தும் தீராத கோளாறு

ஆன் செய்ததுமே விழுந்துவிடும் கணினிகளில் சில, பழைய ஃபர்ம்வேரால் விழுகின்றன. அதைக் கண்டுபிடிப்பது, புதுப்பிப்பது, பாதியில் நின்றுபோனால் மீட்பது எப்படி?

சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி சுற்றுகிறது. நிறுவனத்தின் சின்னம் வருகிறது. சில நொடியில் நீலத்திரை தோன்றி, கணினி தானாக மறுபடி ஆன் ஆகிறது. திரும்பவும் அதே சின்னம், அதே நீலத்திரை. சர்வீஸ் கடைகளில் ‘ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கு’ என்ற ஒரே வரியில் சொல்லப்படும் கோளாறு இது. பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், ‘ஃபார்மட் அடிச்சுடலாம்’ என்பது. விண்டோஸ் கெட்டிருந்தால் அந்த வைத்தியம் பலிக்கும். ஃபர்ம்வேர் பழசாகி அதனால் கணினி விழுகிறது என்றால், எத்தனை முறை ஓ.எஸ். போட்டாலும் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபர்ம்வேர் குடியிருப்பது ஹார்ட் டிஸ்கில் இல்லை. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட எட்டுக் கால் சிப்பில். ஃபார்மட் அங்கே எட்டுவதில்லை.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்தக் கோளாறு பல வகைக் கணினிகளில் வருகிறது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்கள் தருவித்துப் பூட்டிய அசெம்பிள்டு சிஸ்டம், கல்லூரி முடித்த பிள்ளை விட்டுப்போன அரசு மடிக்கணினி, ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும் காலை முதல் இரவு வரை ஓடும் பழைய டெஸ்க்டாப் என்று எதுவும் விலக்கில்லை.

சுவிட்ச் போட்டதும் நடப்பது

எஸ்.எம்.பி.எஸ். சீரான மின்சாரம் தரத் தொடங்கியதும், ‘எல்லாம் சரி’ என்ற சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்பும். அது வந்த பிறகே ப்ராசஸர் வேலையைத் தொடங்கும். அந்த நொடியில் அதற்கு ரேம் தெரியாது, டிஸ்க் தெரியாது, திரையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான். அங்கே இருப்பது ஃபர்ம்வேரின் முதல் கட்டளை.

அந்தக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு வேலை வரிசையாக நடக்கும். முதலில் ப்ராசஸரை அடையாளம் கண்டு, அதற்குரிய மைக்ரோகோடு ஏற்றப்படும். அடுத்து ரேமின் வேகமும் மின்னழுத்தமும் பரிசோதித்து ஒத்திசைக்கப்படும். பிறகு திரை உயிர் பெறும். கீபோர்டு, டிஸ்க், யு.எஸ்.பி. ஆகியவை எண்ணப்படும். கடைசியாக, எந்த டிஸ்கிலிருந்து ஓ.எஸ். ஏற வேண்டும் என்று பார்த்து, பூட் லோடர் என்ற சிறு நிரலிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படும். விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தெரிவது அதற்குப் பிறகுதான்.

1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யிலிருந்து இந்த ஃபர்ம்வேருக்கு பயாஸ் என்று பெயர். 2005-இல் அமைந்த ஒரு கூட்டமைப்பு உருவாக்கி வளர்த்த யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் கடைத்தெருவில் இரண்டுக்கும் பயாஸ் என்றுதான் பெயர். பல மதர்போர்டுகளில் ஆன் ஆகும்போது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயரைப் பார்க்கலாம். 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்பிரமணியன் சங்கர் உள்ளிட்டோர் தொடங்கிய நிறுவனம் அது. அதன் மென்பொருள் மையம் ஒன்று சென்னையில் இயங்குகிறது.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரானாலும் சரி, தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் பில் போடும் கணினியானாலும் சரி, மின்சாரம் கிடைத்ததும் முதலில் ஓடுவது ஃபர்ம்வேர்தான்.

ஃபர்ம்வேர் ஏன் பழசாகிறது?

சிப்பில் எழுதிய நிரல் தேய்ந்துபோவதில்லை. அதைச் சுற்றியிருப்பவை மாறிவிடுவதால் அது பழசாகிறது. மூன்று விதமாக இது நடக்கும்.

முதலாவது, பழைய போர்டில் புதிய ப்ராசஸர் ஏறுவது. 2018-இல் வந்த பி450 வகை போர்டில், 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசை ப்ராசஸரை மாட்டலாம், சாக்கெட் ஒன்றுதான். ஆனால் அந்த ப்ராசஸரை அடையாளம் காணும் பயாஸ் பின்னால்தான் வெளியானது. கடையில் நெடுநாள் ஸ்டாக்கில் கிடந்த போர்டுக்குள் பழைய பயாஸே இருக்கும். பூட்டி ஆன் செய்தால் விசிறி சுற்றும், டிஸ்ப்ளே வராது. போர்டு டெட் என்று திருப்பி அனுப்பப்படும் புதுப் போர்டுகளில் இந்த வகையும் உண்டு. 2011-இல் வந்த எச்61 போர்டில், 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை கோர் ப்ராசஸரைப் போடுகிறவர்களுக்கும் இதே அனுபவம். குறைந்த விலைக்கு அசெம்பிள் செய்யும் சந்தையில் அந்தச் சேர்க்கை இன்னும் புழங்குகிறது.

இரண்டாவது, ஓ.எஸ். மாறுவது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமானால் யு.இ.எஃப்.ஐ., செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 ஆகியவை வேண்டும். பல போர்டுகளில் இவை உள்ளுக்குள் இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் பயாஸைப் புதுப்பித்த பிறகே வேலை செய்தன. செக்யூர் பூட்டுக்கு ஆதாரமான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2011-இல் வழங்கப்பட்டவை. அவற்றின் ஆயுள் 2026 ஜூன் தொடங்கி அக்டோபருக்குள் முடியும்படி குறிக்கப்பட்டது. மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகின்றன. சில கணினிகள் அவற்றை ஏற்றுக்கொள்ள முதலில் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய சான்றிதழோடு இருக்கும் கணினி அந்தத் தேதியில் உடனே நின்றுவிடாது. பூட் ஆகும் கட்டத்துக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதற்குக் கிடைக்காமல் போகும்.

மூன்றாவது, ஃபர்ம்வேரிலேயே பிழை இருந்து பிறகு தெரியவருவது. இதற்கு அண்மைக்காலப் பெரிய உதாரணம் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். அவற்றில் சில தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கின. மாதக்கணக்கில் அப்படி ஓடியதில் உள்சுற்று நலிந்து, நீலத்திரையும் திடீர் நிறுத்தமும் வந்தன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்திய மைக்ரோகோடு வெளியிட்டது. பயனர் கைக்கு அது வந்த முக்கிய வழி பயாஸ் அப்டேட்தான். உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே நலிந்துபோன சிப்பைப் புதிய பயாஸ் குணப்படுத்தாது. அந்தத் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர் கோளாறு வரும்வரை காத்திருக்காமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய காரணம் இது.

மதர்போர்டுக்கு மட்டும் ஃபர்ம்வேர் இருப்பதாக நினைத்தால் பாதிதான் சரி. எஸ்.எஸ்.டி.க்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. குரூஷியல் எம்4 என்ற எஸ்.எஸ்.டி., ஏறத்தாழ 5,200 மணி நேரம் ஓடி முடித்ததும் கணினியை மணிக்கு ஒருமுறை நீலத்திரையில் தள்ளியது. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. 2019 நவம்பரில் எச்.பி. என்டர்பிரைஸ் இன்னும் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதன் சில சர்வர் எஸ்.எஸ்.டி.க்கள் சரியாக 32,768 மணி நேரத்தில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணியில், தரவோடு செத்துப்போகும். அதற்குள் ஃபர்ம்வேரை மாற்றிவிட வேண்டும் என்றது. ஆகவே, தொடக்கத்திலேயே விழும் கணினியில் பார்க்க வேண்டிய ஃபர்ம்வேர்கள் இரண்டு: போர்டுடையது ஒன்று, டிஸ்குடையது ஒன்று.

எங்கே நிற்கிறது என்பதே துப்பு

கணினி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கவனித்தாலே சந்தேகத்தின் எல்லை பாதியாகக் குறையும்.

விசிறி சுற்றியும் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால், ப்ராசஸர், ரேம், திரை ஆகிய மூன்றில் ஒன்றைத் தயார்செய்யும் கட்டத்தில் ஃபர்ம்வேர் நிற்கிறது. பல புதிய போர்டுகளில் ஓரமாக நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வேலை. விளக்கு இல்லாத போர்டுகளில் பீப் ஒலியும், சில மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையும் அதே செய்தியைச் சொல்லும்.

சின்னம் வந்து, அதைத் தாண்டாமல் நின்றால், டிஸ்க்கையோ யு.எஸ்.பி.யில் செருகிய ஏதாவதொன்றையோ எண்ணும்போது தடுக்கி நிற்கிறது என்று பொருள். கெட்டுப்போன பென்டிரைவ், பழைய பிரின்டர், கார்டு ரீடர் எதுவானாலும் இப்படிச் செய்யும்.

சுழலும் புள்ளிகள் வந்த பிறகு நீலத்திரை தோன்றினால், அதில் இருக்கும் குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்துவைக்க வேண்டும். ‘ஏ.சி.பி.ஐ. பயாஸ் எரர்’ என்ற குறியீடு கிட்டத்தட்ட நேரடியாக ஃபர்ம்வேரையே சுட்டும்: போர்டின் மின்சார நிர்வாக அட்டவணைகள் விண்டோஸ் எதிர்பார்க்கும் வடிவில் இல்லை என்று அர்த்தம். ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால், டிஸ்க் கட்டுப்பாட்டு முறை மாறியிருக்கலாம். அல்லது டிஸ்க்கே கெட்டிருக்கலாம். ‘வியா’ என்று தொடங்கும் குறியீடு ப்ராசஸர், மின்னழுத்தம், சூடு ஆகியவற்றின் பக்கம் கைகாட்டும்.

விண்டோஸா, அதற்குக் கீழேயா என்று தீர்மானிக்க ஒரு சோதனை போதும். லினக்ஸ் ஏற்றிய லைவ் பென்டிரைவில் கணினியை ஆன் செய்து பார்க்க வேண்டும். அது அரை மணி நேரம் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் விண்டோஸ் மீதும் டிஸ்க் மீதும் விழும். லைவ் லினக்ஸும் தொடக்கத்திலேயே விழுந்தால், கோளாறு ஓ.எஸ்.ஸுக்குக் கீழே இருக்கிறது. ஃபார்மட் அடிக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

பயாஸைத் தொடுமுன் விலக்க வேண்டியவை

கீழே இருக்கும் கோளாறு எல்லாம் ஃபர்ம்வேர் கோளாறு ஆகிவிடாது. ரேம் சரியாக உட்காராத கணினியில் பயாஸை அடிக்க, அதாவது புதிதாக எழுதப் போனால், எழுதிக்கொண்டிருக்கும்போதே அது விழுந்து, சின்னக் கோளாறு பெரிய செலவாகிவிடும். எனவே எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் துகள்களைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுவது சர்வீஸ் கடைகளின் முதல் வேலை. அதில் நியாயம் உண்டு. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். மெம்டெஸ்ட் நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினால், ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமோ அதன் வேக அமைப்போ சரியில்லை.

அடுத்து, போர்டில் இருக்கும் வட்டக் காசு வடிவ சி.ஆர்.2032 பேட்டரி. தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போய், எஃப்1 அழுத்தச் சொல்லித் திரை நின்றால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்ததால் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய், டிஸ்க் முறை மாறி, விண்டோஸ் விழுவதும் உண்டு. புதுப் பேட்டரி போட்டுச் சரியான அமைப்பைத் திரும்ப வைத்தால் தீர்ந்தது.

திருச்சி வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியைத் தொடும் ஊரில், தூசி அடைத்த ஹீட் சிங்கும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் ப்ராசஸரைச் சில நிமிடங்களில் எல்லைக்குத் தள்ளிவிடும். காலையில் ஆன் ஆகி மதியம் ஆன் ஆகாத கணினிக்கு முதல் மருந்து, சுத்தம் செய்வது. எஸ்.எம்.பி.எஸ். நலிந்திருந்தாலும் விண்டோஸ் ஏறும்போது, அதாவது சுமை கூடும் நேரத்தில், கணினி அணைந்து எழும், வேறொரு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

கடைசியாக, பயாஸ் திரைக்குள் போய் ‘லோடு டிஃபால்ட்ஸ்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அமைப்பு அதோடு அணைந்துவிடும். அதை அணைத்ததும் கணினி நிலைத்தால், ஃபர்ம்வேர் அந்த ரேமைச் சரியாகக் கையாளவில்லை என்று தெரியும். இத்தகைய ரேம் பொருத்தக் கோளாறுகளை நிறுவனங்கள் பெரும்பாலும் அடுத்த பயாஸ் பதிப்பில் சரிசெய்கின்றன.

பதிப்பு எண், மாடல் எண்

இப்போது இருக்கும் பதிப்பை அறிய, கணினி ஆன் ஆனதும் டெலிட், எஃப்2 அல்லது எஃப்10 விசையைத் தட்டிப் பயாஸ் திரைக்குள் போனால் முதல் பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். விண்டோஸ் ஓரளவு ஓடுமானால், ரன் பெட்டியில் எம்.எஸ்.இன்ஃபோ32 என்று கொடுத்தாலும் தெரியும்.

அதைவிட முக்கியம் மாடல் எண். ஒரே பெயரில் வரும் போர்டுகளில் ‘ரிவிஷன் 1.0’, ‘ரிவிஷன் 2.0’ என்று வேறுபாடு உண்டு. போர்டின் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒன்றின் பயாஸ் இன்னொன்றுக்கு ஆகாது. மடிக்கணினியில் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணோ சீரியல் எண்ணோ வேண்டும். கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். டிரைவர் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் தளங்களை நம்பக் கூடாது.

பதிப்புக் குறிப்பையும் படிக்க வேண்டும். ‘முதலில் இந்தப் பதிப்புக்குப் போய், பிறகு அடுத்ததற்குப் போகவும்’ என்றோ, ‘இதற்குப் பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது’ என்றோ, ‘பழைய ப்ராசஸர்களுக்கு ஆதரவு நீக்கப்பட்டது’ என்றோ அதில் இருக்கும். மூன்றாவது எச்சரிக்கைக்கு ஏ.எம்.டி. போர்டுகளில் கதை உண்டு. 16 எம்.பி. மட்டுமே கொள்ளும் சிப்பில் எல்லா ப்ராசஸர்களின் நிரலுக்கும் இடம் போதாததால், சில தயாரிப்பாளர்கள் புதியதைச் சேர்க்கப் பழையதை எடுத்துவிட்டார்கள். பழைய ப்ராசஸரை வைத்துக்கொண்டே அந்தப் பதிப்பை அடித்தால், ஓடிக்கொண்டிருந்த கணினியும் நின்றுவிடும்.

தயாரிப்பு: மின்சாரமும் சாவியும்

ஃபர்ம்வேர் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. திருச்சி, ஸ்ரீரங்கம் துணை மின்நிலையங்களில் பராமரிப்புப் பணிக்காக விடப்படும் மின்நிறுத்தம் நாளிதழ்களில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அந்த நாளைத் தவிர்க்கலாம். அறிவிப்பில்லாமல் வருவது கோடை மழையும் காற்றும். அந்தச் சாயங்காலங்களில் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலே கணினி அணைந்துவிடும். டெஸ்க்டாப்பானால் யு.பி.எஸ். வேண்டும். அந்த யு.பி.எஸ்.ஸின் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்று, வேறு வேலை நடக்கும்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியானால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பல மாடல்கள் வேலையைத் தொடங்கவே மறுக்கும்.

அடுத்தது பிட்லாக்கர். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டுப்போட்டு வைக்கப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாது. ஃபர்ம்வேர் மாறியதும் டி.பி.எம். சிப் சந்தேகப்பட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், கணினியை அமைத்துத் தந்தவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனாகவோ மகளாகவோ இருந்தால், சாவியும் அவர்களின் கணக்கோடு அங்கே இருக்கும். எனவே அப்டேட்டுக்கு முன்பே சாவியைக் கேட்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது, பயாஸ் திரையின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படமெடுப்பது. புதிய பதிப்பு ஏறியதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். டிஸ்க் முறை ஏ.எச்.சி.ஐ.யா, ரெய்டா, வி.எம்.டி.யா என்பதும், பூட் முறை லெகசியா, யு.இ.எஃப்.ஐ.யா என்பதும் முன்பு இருந்தபடியே திரும்ப வைக்கப்பட வேண்டும். படம் இருந்தால் இரண்டு நிமிட வேலை. முக்கியமான கோப்புகளைப் பிரதியெடுத்துவைப்பது சொல்லாமலே செய்ய வேண்டியது. விண்டோஸ் ஏறாவிட்டாலும் லைவ் லினக்ஸ் வழியாக, பூட்டப்படாத டிஸ்கிலிருந்து அதைச் செய்யலாம்.

அடிக்கும் முறை

விண்டோஸே நிலைத்து நிற்காத கணினியில், விண்டோஸுக்குள்ளிருந்து பயாஸை அடிக்கக் கூடாது. பாதியில் நீலத்திரை வந்தால் சிப்பும் பாதியில் நிற்கும். பாதுகாப்பான வழி பயாஸ் திரைக்குள்ளேயே இருக்கிறது. ஏசுஸ் போர்டுகளில் ஈஸி ஃபிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம்-ஃபிளாஷ், கிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்று பெயர் மாறும், வேலை ஒன்றே.

1. வேறொரு கணினியில் பயாஸ் கோப்பை இறக்கி, அமுக்கிய கோப்பானால் விரித்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட வேண்டும்.

2. கோளாறுள்ள கணினியில் தேவையற்ற யு.எஸ்.பி. பொருள்களைக் கழற்றிவிட்டு, லோடு டிஃபால்ட்ஸ் கொடுத்து, ஃபிளாஷ் பகுதிக்குப் போக வேண்டும்.

3. கோப்பைத் தேர்ந்ததும் தற்போதைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே காட்டப்படும். மாடல் பெயர் பொருந்துகிறதா என்று சரிபார்த்துச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

4. அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் முடியும்வரை எந்த விசையையும் தொடக் கூடாது. கணினி தானாக ஓரிரு முறை அணைந்து எழலாம்.

5. டி.டி.ஆர்.5 ரேம் உள்ள கணினிகளில் முதல் முறை ஆன் ஆகும்போது, ரேமைப் புதிதாகப் பழக்குவதற்குச் சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் சுவிட்சை அணைப்பது பொதுவாக நடக்கும் தவறு.

டிஸ்ப்ளேயே வராத கணினிக்கு வேறு வழி உண்டு. பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டானால், ப்ராசஸரும் ரேமும் இல்லாமலே பயாஸை அடிக்கலாம். எம்.எஸ்.ஐ. போர்டுகளில் கோப்பின் பெயரை எம்.எஸ்.ஐ. டாட் ரோம் என்று மாற்றி, குறிப்பிட்ட யு.எஸ்.பி. துளையில் செருகிப் பட்டனை அழுத்தினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். சிமிட்டல் நின்றால் வேலை முடிந்தது. அந்தப் பட்டன் இல்லாத போர்டில், அது ஏற்கெனவே அறிந்த பழைய ப்ராசஸர் ஒன்றைக் கடையில் இரவல் வாங்கி மாட்டி, பயாஸை அடித்துவிட்டுப் புதியதை மாற்ற வேண்டும். 2018-இல் ஏ.எம்.டி. நிறுவனமே இதற்காகப் பழைய ப்ராசஸரைக் கடனாக அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தது.

டெல், எச்.பி., லெனோவோ மடிக்கணினிகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் அப்டேட் நிரல் உண்டு. விண்டோஸ் ஓடாவிட்டால் பூட் மெனுவிலிருந்தே ஃபிளாஷ் செய்யும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. லினக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எஃப்.டபிள்யூ.யு.பி.டி. என்ற கருவி, தயாரிப்பாளர்கள் ஏற்றிவைத்த ஃபர்ம்வேரை நேரடியாக இறக்கித் தரும். அதில் பல எஸ்.எஸ்.டி.க்களின் ஃபர்ம்வேரும் கிடைக்கும்.

அடித்த பிறகு

புதிய பதிப்பு ஏறியும் விண்டோஸ் விழுந்தால் பதற வேண்டாம். முதல் சந்தேகம் அமைப்புகள் மீதுதான். படமெடுத்து வைத்ததைப் பார்த்து டிஸ்க் முறையைப் பழையபடி வைத்தால், ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ பெரும்பாலும் அங்கேயே மறையும். ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தால், பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த டிஸ்க் யு.இ.எஃப்.ஐ. மட்டும் என்ற அமைப்பில் மாட்டிக்கொண்டிருக்கலாம். லெகசி ஆதரவைத் திரும்ப இயக்கி விண்டோஸுக்குள் போய், விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் டிஸ்க்கை மாற்றி, அதன் பிறகு யு.இ.எஃப்.ஐ.க்கு வரலாம். தரவு அழியாது, இருந்தாலும் முன்பே பிரதி எடுத்திருக்க வேண்டும்.

சில நாள் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்த்து, நிலைத்த பிறகே எக்ஸ்.எம்.பி. போன்ற வேக அமைப்புகளை இயக்க வேண்டும். பிட்லாக்கரைத் திரும்ப இயக்கவும் மறக்கக் கூடாது.

பாதியில் நின்றுபோனால்

1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் கிளம்பியபோது, உலகெங்கும் பல கணினிகளின் பயாஸ் சிப்பில் குப்பை எழுதப்பட்டு, போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்று மீட்புக்கு வழிகள் உண்டு. சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்புகள் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ளவை மறுபடி எழுதிக்கொள்ளும். எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தியபடி பவர் பட்டனைப் பிடித்தால் மீட்புத் திரை வரும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று பலகை வைத்த கடைக்குப் போக வேண்டும். அங்கே நடப்பது இது: போர்டில் மின்சாரம் இல்லை, காசுப் பேட்டரியும் கழற்றப்பட்டிருக்கிறது. எட்டுக் கால் சிப்பின் மீது கவ்விபோல ஒரு கிளிப் உட்காரும். அதன் வயர் சிறிய புரோகிராமர் கருவிக்கும், கருவி இன்னொரு கணினிக்கும் போகும். சிப்பின் முதுகில் 25கியூ128 என்பதுபோல் எண் இருக்கும். 128 மெகாபிட், அதாவது 16 எம்.பி. கொள்ளளவு என்று அதற்குப் பொருள். சில சிப்புகள் 3.3 வோல்ட்டிலும் சில 1.8 வோல்ட்டிலும் ஓடுபவை. மாற்றிக் கொடுத்தால் சிப் போய்விடும். திறமையான மெக்கானிக் எதையும் எழுதுமுன் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமிப்பார். காரணம், மடிக்கணினியின் சீரியல் எண்ணும், கணினியோடு வந்த விண்டோஸின் உரிமச் சாவியும் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. கிடைத்த கோப்பை அப்படியே எழுதிவிட்டால் கணினி எழும். ஆனால் அதன் அடையாளம் போய்விடும். பழையதைச் சேமித்துவைத்து, அந்த விவரங்களைப் புதியதில் சேர்த்து எழுதித்தரும்படி வாடிக்கையாளர் கேட்டுக்கொள்ளலாம்.

அரசு மடிக்கணினிகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்த முதல்வர் ஜெயலலிதா அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். எல்காட் நிறுவனம் லெனோவோ, ஏசர், எச்.சி.எல். உள்ளிட்ட நிறுவனங்களிடம் வாங்கித் தர, அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போயின. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பலவற்றில் இருந்தது.

அவற்றில் இன்னும் ஓடுபவை பலவற்றுக்குப் புதிய பயாஸ் வருவது நின்றுவிட்டது. கடைசியாக வெளியான பதிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும், அதோடு நிறுத்திக்கொள்வதும்தான் செய்யக்கூடியது. பெயர் ஒத்த கடை மாடலின் பயாஸை அவற்றில் ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. போர்டு வேறாக இருக்கலாம். விண்டோஸ் 11-ஐ வலிந்து ஏற்றுவதைவிட, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சாட்டா எஸ்.எஸ்.டி. மாட்டினால், எழுத்து, இணையம், வீடியோ அழைப்பு ஆகியவற்றுக்கு அவை இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

எப்போது அடிக்கக் கூடாது?

கோளாறில்லாமல் ஓடும் கணினியில், புதிய எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பயாஸை அடிக்கத் தேவையில்லை. புதிய பதிப்பிலும் பிழை இருக்கலாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைக்காக அவசரமாக வந்த இன்டெல் மைக்ரோகோடு, சில தலைமுறைக் கணினிகளை அடிக்கடி ரீஸ்டார்ட் ஆக்கியது. ஜனவரி 22 அன்று இன்டெலே அதை நிறுத்திவைக்கச் சொன்னது. ‘பீட்டா’ என்று குறித்த பதிப்புகளை வேறு வழி இல்லாதபோது மட்டும் தொட வேண்டும்.

பயாஸை அடிக்கத் தகுந்த காரணங்கள் நான்கு. புதிய ப்ராசஸரோ ரேமோ ஏற வேண்டும். அல்லது புதிய ஓ.எஸ். அதைக் கேட்கிறது, அல்லது பதிப்புக் குறிப்பில் பெரிய பாதுகாப்புக் குறைக்கோ, இன்டெல் விஷயத்தில் நேர்ந்ததுபோல வன்பொருளையே நலிவிக்கும் பிழைக்கோ திருத்தம் இருக்கிறது, அல்லது ரேம், பேட்டரி, சூடு, எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க் ஆகிய எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் கணினி ஓ.எஸ். ஏறுமுன்பே விழுகிறது. இவற்றில் ஒன்றும் பொருந்தாவிட்டால் பயாஸைத் தொட வேண்டாம். ஒன்று பொருந்தினால், சரியான மாடல் எண், தாங்கும் யு.பி.எஸ்., எழுதிவைத்த பிட்லாக்கர் சாவி ஆகிய மூன்றும் கையில் இருக்கும் நாளில் வேலையைத் தொடங்கலாம்.